ஆமைப்பூட்டுத் தொங்கும் வாயில்கள்: உதைபந்தாட்ட மைதானத்தில் தீ, நெரிசல், குழப்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் சுற்றுப்போட்டி நடக்கும் மாலைகளில் பதினெட்டு வருடங்களாக வாயிலில் நின்று வருகிறேன். முதலில் டிக்கெட் கிழித்தேன், பிறகு ஏற்பாட்டுக் குழுவில் சேர்ந்தேன். ஏகாம்பரம் மைதானத்திலும் மக்கெய்சர் மைதானத்திலும் ஆட்டம் பார்க்க வருகிறவர்களும், கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கங்களில் போட்டி நடத்துகிற கழகத்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம். சிலவற்றுக்கு உட்கார்ந்து பேச வேண்டும்.

எங்கள் மைதானம் திறந்த வெளிதானே, இங்கே தீ விபத்தில் சனம் சிக்கிக்கொள்ளுமா?

மேலே வானம் தெரிகிறது என்பதற்காக ஒரு மைதானத்தைத் திறந்த வெளி என்று சொல்லிவிட முடியாது. ஒரு பக்கம் ஆள் உயர மதில், மறுபக்கம் கம்பிவலை, பிரமுகர்களுக்குக் கிடுகுப் பந்தல், பந்தலுக்குப் பின்னால் சமையல், வெளியே போக இரண்டே வாயில்கள், அதிலும் ஒன்றில் பூட்டு. நம் பக்கத்து மைதானங்கள் பலவும் இறுதிப் போட்டியன்று இப்படித்தான் இருக்கின்றன. உள்ளே இருக்கும் மூவாயிரம் பேருக்கு அது நான்கு சுவர் உள்ள அறைதான்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இங்கே போட்டிகள் பெரும்பாலும் வறண்ட கச்சான் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, வீசும் மாதங்களில் நடக்கின்றன. அந்தக் காற்றில் காய்ந்த கிடுகு எப்படிப் பற்றும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் எழுந்த தீ கூரையின் கீற்றுக்குத் தாவியது. 94 பிள்ளைகள் இறந்தார்கள். இறங்கி ஓட அவர்களுக்கு இருந்தது ஒடுங்கிய படிக்கட்டு ஒன்றுதான். அது பள்ளிக்கூடம், இது விளையாட்டு மைதானம் என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

மைதானத் தீ என்றாலே பிராட்ஃபோர்ட் என்கிறீர்களே, அங்கே என்ன நடந்தது?

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரக் கழகத்தின் வேலி பரேட் மைதானத்தில், 1985 மே 11 அன்று நடந்தது. அந்தப் பருவத்தின் மூன்றாம் பிரிவுக் கிண்ணத்தை அந்தக் கழகம் வென்றிருந்தது. ஆட்டம் தொடங்குமுன் கிண்ணத்தைக் கையளித்தார்கள். பதினோராயிரம் பேர் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஊருக்கே அன்று கொண்டாட்டம்.

பிரதான பார்வையாளர் கூடம் மரத்தால் கட்டியது, மிகப் பழையது. இருக்கைகளுக்குக் கீழே பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தது. அதன் வழியே பல வருடக் குப்பை விழுந்து அடியில் சேர்ந்திருந்தது. பின்னர் அந்தக் குப்பையில் 1968ஆம் ஆண்டுப் பத்திரிகை ஒன்றும், பழைய நாணய முறையில் விலை அச்சிட்ட கடலைப் பொட்டலம் ஒன்றும் கிடைத்தன. பதினேழு வருடக் குப்பை அது. முதற்பாதி முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது, அணைக்காமல் போட்ட ஒரு சிகரெட்டோ தீக்குச்சியோ அந்த இடைவெளியில் விழுந்திருக்க வேண்டும் என்பதே விசாரணையின் முடிவு. முதலில் சிறிய புகைதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நகர்ந்தார்கள். தூரத்தில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், சிலர் தொலைக்காட்சிக் கமராவுக்குக் கையசைத்தார்கள். நான்கைந்து நிமிடத்தில் கூடம் முழுவதும் எரிந்தது. தார் பூசிய கூரையிலிருந்து நெருப்பு சொட்டியது.

56 பேர் இறந்தார்கள். எங்கே இறந்தார்கள் என்பதைத்தான் நான் எல்லாக் கழகத்தவருக்கும் சொல்கிறேன். முன்பக்கம் தாழ்ந்த சுவரைத் தாண்டி ஆடுகளத்துக்குள் குதித்தவர்களில் மிகப் பலர் பிழைத்தார்கள். அங்கே உயரமான வேலி இருக்கவில்லை. உள்ளே வந்த வழியாகவே திரும்பிப் போக நினைத்துப் பின்பக்க நடைபாதைக்கு ஓடியவர்கள் பூட்டிய கதவுகளையும் சுழல் வாயில்களையும் கண்டார்கள். இறந்தவர்களில் பலருடைய உடல்கள் அங்கேதான் கிடந்தன. டிக்கெட் இல்லாதவர்கள் நுழையக் கூடாது என்பதற்காகப் பூட்டிய கதவுகள் அவை. தீயணைப்புக் கருவிகளையும் விஷமிகள் எடுத்து விளையாடுகிறார்கள் என்று கூடத்திலிருந்து அகற்றியிருந்தார்கள். குப்பை பற்றியும் சிகரெட் பற்றியும் முந்தைய ஆண்டே கழகத்துக்குக் கடிதத்தில் எச்சரிக்கை போயிருந்தது. பருவம் முடிந்ததும் அந்தக் கூடத்தைத் திருத்தும் வேலை தொடங்குவதாக இருந்தது. அன்றைய ஆட்டந்தான் பருவத்தின் கடைசி ஆட்டம்.

பின்வாயிலைப் பூட்டாமல் விட்டால் டிக்கெட் வசூல் என்னாகும்?

கழகப் பொருளாளர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பந்து வாங்கவும் மத்தியஸ்தருக்குக் கொடுக்கவும் வாடகைக்கு எடுத்த கதிரைகளுக்குக் கட்டவும் அந்தப் பணம் வேண்டும். ஆனால் உலகத்தின் பெரிய மைதான மரணங்களை எடுத்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப மூடிய ஒரு கதவின் முன்னால் வந்து நிற்பீர்கள்.

பெருவின் லீமா நகரில் 1964 மே 24 அன்று பெரு அடித்த ஒரு கோல் மறுக்கப்பட்டது. சிலர் களத்துக்குள் ஓடினார்கள், பொலிசார் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். சனம் படிக்கட்டு வழியே தெருவை நோக்கி இறங்கியது. அடியில் இரும்பு உருள்கதவுகள் மூடியிருந்தன. 328 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. நேபாளத்தின் காத்மாண்டுவில் 1988 மார்ச்சில் ஆட்டத்தின் நடுவே ஆலங்கட்டி மழை கொட்டியது. ஒதுங்க ஓடியவர்கள் பூட்டிய கதவுகளில் நெரிந்தார்கள். 90க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அங்கே சண்டையும் இல்லை, தீயும் இல்லை, மழை மட்டும்தான். கானாவின் அக்ராவில் 2001 மே 9 அன்று மறுபடியும் கண்ணீர்ப்புகை, மறுபடியும் மூடிய வாயில்கள், 120க்கும் மேற்பட்ட உயிர்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு இறுதிப் போட்டி. இடத்தின் பெயர் வேண்டாம். மாலை ஐந்தரைக்கு இடியோடு மழை பிடித்தது. சனம் பின்வாயிலுக்கு ஓடியது. பின்வாயிலில் ஆமைப்பூட்டு. திறப்பு எங்கள் குழுவில் ஒருவருடைய சட்டைப் பையில் இருந்தது. அவர் தேநீர் குடிக்க ஒழுங்கையின் அடுத்த முனைக்குப் போயிருந்தார். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் போங்கள் என்று கத்தினார்கள். பின்னால் வந்தவர்களுக்கு மழையில் அது கேட்கவில்லை. கம்பிவலையில் முகம் அழுந்திய ஒரு தாய் தன் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். வெளியே நின்ற மீன்காரர் இருவர் ஒரு இரும்புக் கம்பியை விட்டு நெம்பிக் கொண்டியை உடைத்தார்கள். யாரும் சாகவில்லை. மூன்று பேருக்கு விலா எலும்பு முறிந்தது. அந்தப் பூட்டைப் போட்டவன் நான்தான்.

அதன் பிறகு நாங்கள் செய்வது இது. ஆட்கள் உள்ளே இருக்கும் நேரத்தில் எந்த வாயிலிலும் பூட்டுத் தொங்காது. உள்ளிருந்து கையால் தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாள் மட்டும் இருக்கும், கதவு வெளிப்புறமாகத் திறக்கும். ஒவ்வொரு வாயிலிலும் இரண்டு தொண்டர்கள் ஆட்டம் முடியும்வரை அசையாமல் நிற்பார்கள். தேநீர் அவர்களிடம் போகும், அவர்கள் தேநீரிடம் போவதில்லை. டிக்கெட் இல்லாமல் நுழைய வருகிறவரை அவர்கள் தடுக்கலாம். ஒருவர் இருவர் நழுவி வந்தால் வரட்டும். ஆட்டம் முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது எல்லா வாயில்களும் அகலத் திறந்துவிடும். அதற்குப் பிறகு இலவசமாக உள்ளே வருகிற பையன்களால் வசூலுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது?

எத்தனை பேருக்கு எவ்வளவு அகலமான வாயில் வேண்டும்?

பிரித்தானிய மைதானங்களுக்கான பாதுகாப்பு வழிகாட்டியைப் பச்சை வழிகாட்டி என்பார்கள். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 1971 ஜனவரி 2 அன்று ஆட்டம் முடிந்து வெளியேறும் படிக்கட்டில் 66 பேர் நெரிந்து இறந்த பிறகு பிறந்தது அது. அதில் உள்ள கணக்கு நம் கையில் அடங்கக் கூடியதுதான். சமதரையில் ஒரு மீற்றர் அகலத்தினூடாக ஒரு நிமிடத்தில் 82 பேர் போகலாம். படிக்கட்டில் 66 பேர். சாதாரண நாளில் எட்டு நிமிடத்துக்குள் எல்லோரும் வெளியேறும் பாதைக்குள் வந்துவிட வேண்டும். தீப்பற்றும் ஆபத்து அதிகமுள்ள இடத்தில் இரண்டரை நிமிடம்.

இப்போது நம் மைதானத்துக்கு வருவோம். மூவாயிரம் பேர், மூன்றடி அகலப் படலை ஒன்று. நிமிடத்துக்கு 74, 75 பேர். கடைசி ஆள் வெளியே வர நாற்பது நிமிடம். எட்டு நிமிடத்தில் வெளியேற்ற ஏறத்தாழ 4.6 மீற்றர் வேண்டும். அதாவது லொறி போகிற அகலத்தில் ஒரு வாயிலும், அதற்குத் துணையாக இன்னொன்றும். இரண்டரை நிமிடம் என்றால் 14 மீற்றருக்கும் மேல். எந்தச் சிறிய மைதானத்திலும் அது கிடையாது. அதனால்தான் ஆடுகளத்தை ஒரு வெளியேறும் வழியாகக் கணக்கில் எடுங்கள் என்கிறேன். களத்தைச் சுற்றி இடுப்பளவு கயிறோ குழாயோ போதும். ஏற முடியாத வேலி வேண்டாம்.

கணக்கிடும்போது அகலமான வாயில் ஒன்றை அடித்துவிட்டுக் கணக்கிடுங்கள். தீ எந்த வாயிலுக்குப் பக்கத்தில் பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? வாயிலின் அகலத்தை அளக்கும்போது, அதன் வெளியே நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிள்களையும் ஐஸ்கிரீம் வண்டியையும் கழித்தே அளக்க வேண்டும்.

நெரிசலில் இறப்பவர்கள் மிதிபட்டா இறக்கிறார்கள்?

பெரும்பாலும் இல்லை. மூச்சு விட முடியாமல் இறக்கிறார்கள், அதுவும் நின்றபடியே. மூச்சு உள்ளே போக நெஞ்சு விரிய வேண்டும். ஒரு சதுர மீற்றரில் நான்கு பேர் நிற்கும்வரை ஒருவர் தன் கால்களைத் தானே நகர்த்தலாம். நிற்கும் இடங்களில் பத்துச் சதுர மீற்றருக்கு 47 பேருக்கு மேல் விடக் கூடாது என்பது அதே வழிகாட்டியின் வரம்பு. ஆறு, ஏழு பேராகிவிட்டால் கூட்டம் தண்ணீர் போல ஆகிவிடும். ஒரு பக்கம் அசைந்தால் அந்த அசைவு அலையாகப் போய் மறுபக்கத்துக் கம்பியில் மோதும். அந்த அலையை எந்தப் பலசாலியும் தாங்க மாட்டான்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகர ஹில்ஸ்பரோ மைதானத்தில் 1989 ஏப்ரல் 15 அன்று நடந்தது இதுவே. வெளியே நெரிசல் கூடியதால் பொலிசார் ஒரு பெரிய வாயிலைத் திறந்தார்கள். திறந்தது சரி. ஆனால் நேரே எதிரில், கம்பியால் பிரித்த நடுத் தடுப்பறைகளுக்குப் போகும் சுரங்கப் பாதையை அடைக்கவும், பக்கத்துத் தடுப்பறைகளில் இடம் இருக்கிறது என்று திருப்பிவிடவும் ஆள் வைக்கவில்லை. ஏற்கெனவே நிறைந்திருந்த நடுத் தடுப்பறைகளுக்குள் சனம் போய்ச் சேர்ந்தது. முன்னால் உயரமான கம்பி வேலி. பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியவே இல்லை. 97 பேர் இறந்தார்கள், கடைசியானவர் 32 வருடங்கள் கழித்து, 2021இல். குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் காரணம் என்று வருடக் கணக்காகப் பழி சொன்னார்கள். 2016இல்தான் அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ரசிகர்களின் நடத்தை காரணமில்லை என்றும் மரண விசாரணை நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள். கூட்டம் பிழை செய்தது என்று யாராவது சொன்னால், முதலில் வாயிலையும் வேலியையும் பற்றிக் கேளுங்கள்.

ஆபத்து என்று ஒலிபெருக்கியில் சொன்னால் பீதி வராதா?

சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. மக்கள் அவசரப்பட்டு ஓடுவதைவிட, புகையைப் பார்த்தபடி நின்று நேரத்தை இழப்பதே வழமை என்பதை பிராட்ஃபோர்ட் காட்சிகளிலேயே பார்க்கலாம். தெளிவாக, பழகிய குரலில், என்ன நடந்தது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லுங்கள். “கடற்கரைப் பக்க வாயிலால் வெளியே போங்கள், பந்தல் பக்கம் வர வேண்டாம்” என்பது போல. நம் ஊரில் தமிழிலும் சிங்களத்திலும் சொல்ல வேண்டும். அதை முன்கூட்டியே எழுதி அறிவிப்பாளரின் மேசையில் ஒட்டிவையுங்கள்.

ரசிகர்கள் களத்துக்குள் இறங்கிவிட்டால், அல்லது இரு ஊர்க்காரர் மோதிக்கொண்டால் என்ன செய்வது?

முதலில், மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வீரர்களை உள்ளே அழைத்துப் போகட்டும். பிறகு ஒலிபெருக்கியில் இரண்டு கழகத்து மூத்தவர்களும் பேசட்டும், ஒருவர் மட்டும் பேசினால் மற்றப் பக்கம் கேட்காது. அண்ணனும் மாமாவும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அடங்குகிற பையன்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். வெளியேறும்போது ஒரு ஊர்க்காரரை முதலில் விட்டு, பஸ் ஏறிய பிறகு மற்றவர்களை விடுங்கள். காத்திருக்கிறவர்களுக்குத் தண்ணீரும், ஏன் காத்திருக்கிறார்கள் என்ற விளக்கமும் வேண்டும். வாயில்கள் அப்போதும் பூட்டாமல்தான் இருக்க வேண்டும்.

களத்துக்குள் இறங்கியவர் பெரும்பாலும் யாரையும் கொல்வதில்லை. அவரை விரட்டும் முறைதான் கொல்கிறது. இந்தோனேசியாவின் மலாங் மாவட்டக் கஞ்சுருஹான் மைதானத்தில் 2022 அக்டோபர் 1 அன்று உள்ளூர் அரேமா கழகம் தோற்றது. எதிரணி ரசிகர்களுக்கு அன்று அனுமதியே இருக்கவில்லை, எனவே இரு தரப்பு மோதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. தோல்வி தாங்காமல் களத்துக்குள் இறங்கியவர்களைக் கலைக்கப் பொலிசார் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். இருக்கைகளில் பேசாமல் உட்கார்ந்திருந்த குடும்பங்களை நோக்கியும் அடித்தார்கள். கண் எரிந்து மூச்சு முட்டி ஓடியவர்கள் ஒடுங்கிய வாயில்களில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். 135 பேர் இறந்தார்கள், அவர்களில் பிள்ளைகளும் பலர். மைதானத்துக்குள் கூட்டத்தைக் கலைக்கும் வாயுவைக் கொண்டுவரவோ பயன்படுத்தவோ கூடாது என்று ஃபிஃபாவின் பாதுகாப்பு விதி அப்போதே இருந்தது.

ஆகவே போட்டிக்குப் பொலிஸ் அனுமதி பெறப் போகும்போதே இதைப் பேசிவிடுங்கள். எத்தனை வாயில், எங்கே, எந்த நிலையில் ஆட்டத்தை நிறுத்துவோம் என்று ஒரு வரைபடத்தோடு போங்கள். உள்ளே கண்ணீர்ப்புகை வேண்டாம் என்று மரியாதையாகக் கேளுங்கள். வரைபடத்தோடு போனால் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்பது என் அனுபவம்.

கோல் விழுந்தால் பட்டாசு கொளுத்தலாமா?

வேண்டாம். பந்தலுக்கும் கதிரைகளுக்கும் அருகில் எந்த வகையும் வேண்டாம். துறைமுக ஊரான நமக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. படகுகளில் ஆபத்துக்கு வைத்திருக்கும் சமிக்ஞைத் தீ சில நேரம் மைதானத்துக்கு வந்துவிடுகிறது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் 1993 நவம்பரில், ருமேனியாவுடனான ஆட்டம் முடிந்த வேளையில், ஒரு பக்கத்திலிருந்து விட்ட படகுச் சமிக்ஞைத் தீ எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவரைத் தாக்கிக் கொன்றது. கடலில் உயிர் காக்கச் செய்த பொருள் அது.

கொத்துரொட்டிக் கடை, மின்பிறப்பாக்கி?

இரண்டும் வாயிலுக்குப் பக்கத்தில் வரவே கூடாது. கடைக்காரர் வாயிலடியைத்தான் கேட்பார், வியாபாரம் அங்கேதான். மறுத்துவிடுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்திலும் வடிகானிலும் தேங்கும், தூரத்துப் பொறியிலும் பற்றும். சிலிண்டரை நிமிர்த்தி, திறந்த இடத்தில் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மின்பிறப்பாக்கிக்கு எரிபொருள் ஊற்றாதீர்கள். இரவு ஆட்டமானால் வாயில்களுக்கு மேலே பற்றரி விளக்கு தனியாக வேண்டும்.

குழாய் கட்டி எழுப்பும் தற்காலிகப் பார்வையாளர் படிக்கட்டுகளை நம்பலாமா?

கட்டியவரும், கட்டாத ஒரு பொறியியலாளரும் பார்த்து ஒப்பமிட்டால். பிரான்ஸின் பாஸ்தியா நகருக்கு அருகே 1992 மே 5 அன்று ஒரு பெரிய ஆட்டத்துக்காக அவசரத்தில் எழுப்பிய தற்காலிகக் கூடம் ஆட்டம் தொடங்குமுன்னே சரிந்தது. 18 பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அடியில் குப்பை சேர விடாதீர்கள். கச்சான் கடலைச் சுருள்களைப் பொறுக்க இடைவேளையில் இரண்டு பையன்களை அனுப்பினால் போதும்.

பிள்ளைகளோடு போகிறேன். நான் என்ன கவனிக்க வேண்டும்?

உள்ளே போனதும் நீங்கள் வந்த வாயிலைத் தவிர இன்னொரு வாயிலைக் கண்ணால் பார்த்து வையுங்கள், பிள்ளைக்கும் காட்டுங்கள். கம்பி வேலியை ஒட்டி நிற்காதீர்கள். பிரிந்துவிட்டால் சந்திக்க ஓர் இடம் சொல்லி வையுங்கள், அது மைதானத்துக்கு வெளியே இருக்கட்டும்.

சிக்கிக்கொண்டால் கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னே வையுங்கள், மூச்சுக்கு அந்த இடம் வேண்டும். அலையை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை ஓய்கிற இடைவெளியில் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். செருப்போ தொலைபேசியோ விழுந்தால் குனியாதீர்கள். பிள்ளையைத் தோளுக்கு மேலே தூக்குங்கள். அந்த மழை நாளில் அந்தத் தாய் செய்தது சரிதான்.

அவசரத்துக்கு யாரை அழைப்பது?

தீயணைப்புக்கு 110, பொலிசுக்கு 119, சுவசெரிய அம்புலன்சுக்கு 1990. சுவசெரிய இலவசம். அழைக்கும்போது மைதானத்தின் பெயரோடு எந்தத் தெருப் பக்க வாயில் என்பதையும் சொல்லுங்கள். ஒரு தொண்டர் அந்தத் தெருமுனைக்குப் போய் வண்டி வரும்வரை நிற்கட்டும். அந்த ஒழுங்கையில் காலையிலிருந்தே முச்சக்கரவண்டியோ மோட்டார் சைக்கிளோ நிறுத்தவிடாமல் கயிறு கட்டி வையுங்கள். தீயணைப்பு வண்டியின் அகலத்தை முன்னதாகக் கேட்டு வந்து, அந்த அளவுக்குத் தடி ஒன்று வெட்டி, ஒழுங்கை முழுவதும் பிடித்து நடந்து பாருங்கள்.